விழுந்தால் வெடிக்குமா

அந்த பிஸ்டல் வீட்டுக்கு வந்த அன்று ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். என்ன விலை, எந்த நாட்டில் செய்தது, எத்தனை ரவை பிடிக்கும், லைசன்ஸ் எடுக்க யாரைப் பிடித்தீர்கள் என்றெல்லாம். அக்கா மட்டும் அடுப்படி நிலையில் ஈரக் கையோடு நின்றுகொண்டு, "என்னங்க, இது கீழ விழுந்தா வெடிக்குமா?" என்று கேட்டாள்.

அத்தான் சிரித்தார். "இழுத்தாத்தான் வெடிக்கும். விழுந்தா வெடிக்கிற மாதிரி செஞ்சு விக்க கம்பனிக்காரன் என்ன மாங்கா மடையனா?"

வந்திருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன். அக்கா சிரிக்கவில்லை. "ஆனைக்கும் அடி சறுக்கும்னு சொல்றாங்க. மனுசக் கைக்குச் சறுக்காதா?" என்று யாருக்கும் இல்லாமல் சொல்லிவிட்டு, கொதித்துக்கொண்டிருந்த பருப்பைப் பார்க்கப் போய்விட்டாள். இன்றைக்கு யோசித்தால் அன்று கேட்ட கேள்விகளில் கேட்க வேண்டியது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் சும்மா வாய்க்கு வந்தது.

அத்தானுக்குக் கண்டி டவுனில் ஒரு நகைக்கடை. நான் அக்காவின் தங்கை. அவர்கள் வீட்டிலேயே தங்கி, கடைக் கவுண்டரில் உட்காருகிறேன். பள்ளிக்கூடம் எனக்குப் பாதியில் நின்றுபோனது. ஆனால் நகைக்கடைக் கவுண்டர் சாதாரணப் பள்ளிக்கூடம் இல்லை. கலஹாவிலிருந்து தோடு மாற்ற வரும் அம்மா, தெல்தோட்டையிலிருந்து தாலிக்கொடிக்குச் சொல்ல வரும் அப்பா, பேரம் பேசியே பொழுதைப் போக்கும் டவுன் ஆட்கள், எல்லோரும் எடுத்துப் போவது பொன் என்றால் விட்டுப் போவது பேச்சு. நல்ல சொலவடை ஒன்று காதில் விழுந்தால் அன்று முழுக்க அதை வாயில் போட்டுக் கற்கண்டு மாதிரி உருட்டிக்கொண்டிருப்பேன்.

எங்கள் தெருவிலேயே இன்னொரு நகைக்கடைக்காரர், கொழும்பிலிருந்து சாமான் எடுத்து வரும்போது கடுகண்ணாவ ஏற்றத்தில் மறிக்கப்பட்டார். பையைக் கொடுக்காமல் இழுத்துப் பிடித்ததில் கையில் வெட்டு. அவர் வெட்டுப்பட்ட கையைத் துணியால் தோளில் கட்டித் தொங்கவிட்டபடி கடைக்கு வந்து உட்கார்ந்திருந்ததை அத்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்கே லைசன்ஸுக்கு மனுப் போட ஆரம்பித்தவர்தான். அலைந்து திரிந்து, பொலிஸ் விசாரணை முடிந்து, கடைசியில் பிஸ்டல் இடுப்புக்கு வந்தது. எங்கள் கடையில் பொன் வேலை செய்யும் பத்தர் ஐயா ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "மடியில கனம் இருந்தா வழியில பயம்னு சொல்லுவாங்க மொதலாளி" என்றார். "அதுக்குத்தான் ஐயா இன்னொரு கனத்தையும் சேத்துக் கட்டிக்கிட்டேன்" என்றார் அத்தான். பத்தர் ஐயா மறுபடி ஊதத் தொடங்கினார். பதில் சொல்லாமல் ஊதினால் அவருக்கு அந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

அந்த பிஸ்டல் புதியது இல்லை. யாரோ வைத்திருந்து கைமாறியது. லைசன்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடைதான் அதை வாங்கிக் கொடுத்தது. கட்டுகஸ்தோட்டைப் பக்கம், குரங்கு விரட்டும் காற்றுத் துப்பாக்கிகளும் டோர்ச்சுகளும் தூண்டில்களும் தொங்கும் கடை. கடைக்காரர் முஸ்லிம், அத்தான் அவரை அண்ணன் முறையில் 'நானா' என்பார். பிஸ்டலைச் சுத்தம் செய்ய அவரிடம் கொடுத்திருந்தபோது, ஒருநாள் கூப்பிட்டு, உள்ளே இருக்கும் ஊசியின் முனை சிதைந்திருக்கிறது, மாற்ற வேண்டும், எது வேண்டும் என்று வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்றார். கடை அடைப்பு நாள் என்பதால் நானும் வேனில் கூடப் போனேன்.

நானா மேசையில் ஒரு துணியை விரித்து இரண்டு ஊசிகளை வைத்தார். சுண்டு விரல் நீளம்கூட இல்லை. ரவையின் குண்டியில் போய்க் குத்துவது இதுதான், சுத்தியல் இதன் பின்னால் அடிக்கும், இது முன்னால் பாயும் என்றார். ஒன்று இரும்பு. மற்றது டைட்டேனியம். இரண்டையும் என் உள்ளங்கையில் மாற்றி மாற்றி வைத்தார். பவுனைக் கையில் வைத்தே நிறை சொல்லிப் பழகியவள் நான். இரண்டாவது, வைத்ததே தெரியவில்லை.

"இதுல என்ன வித்தியாசம் நானா?" என்று கேட்டார் அத்தான்.

நானா என்னைப் பார்த்தார். "தங்கச்சி, கலஹா பஸ்ஸுல நின்டுகிட்டுப் போயிருப்பீங்க. டிரைவர் சடார்னு பிரேக் போட்டா என்ன நடக்கும்?"

"எல்லாரும் முன்னுக்குப் போய் விழுவோம்."

"அதேதான். துவக்கு மூக்குக் குத்த கீழ விழுந்தா, தரைதான் பிரேக்கு. துவக்கு நின்டுரும். உள்ளுக்க ஈக்கிற ஊசி நிக்காது, முன்னுக்கு வரப் பாக்கும். நோஞ்சான் வந்து இடிச்சா ஒரு தள்ளோட போயிரும். பாரமான ஆள் வந்து விழுந்தா முன்னுக்கு நிக்கிறவன்ட எலும்பு முறியும்."

ஊசியைப் பின்னுக்குத் தள்ளிப் பிடிக்க ஒரு சுருள்வில் இருக்கிறது, அது பஸ்ஸில் மேலே பிடிக்கிற கம்பி மாதிரி என்றார். அதற்கு மேல் இன்னொரு காவலும் உண்டு என்று பிஸ்டலின் முதுகைக் காட்டினார். குறிபார்க்கும் மேட்டுக்குச் சற்று முன்னால் மிளகு மாதிரி ஒரு சின்ன வட்டம், உடம்போடு உடம்பாக அமுங்கி இருந்தது. "ஊசிக்குக் குறுக்கால ஒரு குட்டித் தூண் நிக்கிது. இது அவன்ட தல. விசைய இழுத்தாத்தான் எழும்பி வழி விடுவான். விட்டீங்கண்டா திரும்ப எறங்கி மறிச்சிருவான்." வெறும் பிஸ்டலின் விசையை இழுத்துக் காட்டினார். வட்டம் தலையைத் தூக்கியது. விட்டார், அமுங்கியது. விளையாட்டுச் சாமான் போல இருந்தது எனக்கு.

அத்தான் கேட்டது வேறு. "கள்ளன் முன்னால வந்து நிக்கிறான். அந்த நேரம் எது கட்டாயம் வெடிக்கும்?"

"பாரமானது. லேசு ஊசி சில தடிச்ச ரவைக்குப் பத்தாமப் போகலாம். அடிக்கும், வெடிக்காது."

"அப்ப பாரமானதையே போடுங்க. விழுறது எப்பவோ. வெடிக்கிறப்ப வெடிக்கணும்."

நானா லேசான ஊசியை அத்தான் பக்கம் தள்ளினார். "நீங்க எந்த நேரமும் துவக்கு வாயில ஒரு ரவைய ஏத்தியே வச்சீக்கிறீங்க. எனக்குண்டா லேசானதப் போட்டு, வில்லையும் கொஞ்சம் பலமாப் போடுவேன்" என்றார். அத்தான் பாரமான ஊசியை விரலால் தட்டிக் காட்டினார். "சரி மொதலாளி. அப்ப உங்களுக்கு இந்தத் தூண்தான் எல்லாம். அழுக்கு, எண்ணெய்ப் பிசுக்கு எதையும் இதுல சேர விடாதீங்க. வருசத்துக்கு ஒருக்கா என்ட கையில கொண்டு வாங்க, கழட்டிப் பாத்துத் தாறேன்."

வேனில் திரும்பும்போது அத்தான், கடைக்காரனுக்கு அடிக்கடி வேலை வேண்டும், அதற்காகச் சொல்கிறான் என்றார். எனக்கோ உள்ளங்கையில் அந்த இரும்பு ஊசியின் கனம் இன்னும் இருப்பது போலிருந்தது. எது வேண்டும் என்று அத்தானைக் கேட்டார்கள். அவர் சொன்னார். அதைத் தினமும் கையில் வாங்கப்போகிறவளை யாரும் கேட்கவில்லை.

தினமும் வாங்குவது அக்காதான். அத்தான் வீட்டு முறை அப்படி. கடை அடைத்து வந்தால் கால் கழுவி நேரே சாமி அறைக்குப் போய் விளக்கு முன்னால் நின்று திருநீறு பூசினால்தான் அவருக்கு அன்றைய வியாபாரம் முடியும். சாமி அறைக்குள் தோல் போகக் கூடாது. செத்த மாட்டின் தோல் தீட்டு. ஆகையால் வாசலிலேயே பெல்ட், பர்ஸ், கைக்கடிகாரம் எல்லாம் கழன்றுவிடும். பிஸ்டல் வந்த பிறகு அதன் தோல் உறையும் அந்த வரிசையில் சேர்ந்தது. அக்கா இரண்டு கையையும் நீட்டுவாள், பிரசாதம் வாங்குகிற மாதிரி. அத்தான் பெல்ட்டை உறையோடு அதில் வைப்பார். அவள் அதை உடம்போடு அணைக்காமல் முன்னால் நீட்டிப் பிடித்தபடி, அறை அலுமாரிக்குக் கொண்டுபோய்ப் பூட்டுவாள். காலையில் அதே மாதிரி எடுத்து வந்து கொடுப்பாள்.

பயம் போக வாங்கிய சாமான், பயம்தான் கூடியது. ஒருமுறை தெல்தெனியவில் ஒரு கல்யாண வீட்டுக்கு நகை கொண்டு போனோம். விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டின வளைவுகளில் ஒரு மோட்டார் சைக்கிள் எங்களுக்குப் பின்னாலேயே வந்தது. அத்தான் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையை இடுப்பில் வைத்துக்கொண்டார். தண்ணீர்ப் பக்கம் வேலியே இல்லாத இடம். பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன், காதில் விழவில்லை. கடைசியில் சைக்கிள்காரன் முந்திப் போனான். பின்னால் இரண்டு பால் கேன் தொங்கியது. அதற்குப் பிறகும் அந்தக் கை இடுப்பைவிட்டு வரவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் வேன் தூக்கிப் போட்டபோது நான் நினைத்தது மோட்டார் சைக்கிளை இல்லை. அவர் விரல்களுக்குள் இருந்த ஊசியை. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்று சொன்னால் வேனை விட்டு இறக்கிவிடுவாரோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஆயுத பூசை வந்தது. கடைத் தராசு, பத்தர் ஐயாவின் சுத்தியல், ஊதுகுழல், கல்குலேட்டர், வேன் சாவி எல்லாம் வீட்டுச் சாமி அறைக்கு வரும். பித்தளைத் தாம்பாளத்தில் பரப்பி, பட்டு விரித்து, சந்தனம் குங்குமம் வைப்போம். அந்த வருசம் அத்தான், பிஸ்டலும் ஆயுதம்தானே, எல்லாவற்றுக்கும் முதல் ஆயுதம் அதுதான் என்றார். மறுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் தோல் உறையோடு வைக்க முடியாது. உறையிலிருந்து உருவி வைத்தார்.

"ரவையக் கழட்டிட்டு வைங்க" என்றாள் அக்கா.

"வெறும் பெட்டிய சாமிக்கு முன்னால வைப்பமா? கல்லாப்பெட்டியிலகூட ரெண்டு காசு போட்டுத்தானே வைக்கிறோம். ஆயுதத்த வெறும் வயித்தோட வச்சா வருசம் முழுக்க வெறும் வயிறுதான்."

அந்த வாதம் எங்கள் வீட்டில் எடுபடும். நெல் இல்லாத படியையும் எண்ணெய் இல்லாத விளக்கையும் வைக்காத வீடு. நிறைந்த பிஸ்டல், தராசுக்கும் வேன் சாவிக்கும் நடுவில், வழுவழுப்பான பட்டின் மேல், மூக்கை வாசலுக்கு நீட்டிக்கொண்டு படுத்திருந்தது. தீபாராதனை காட்டும்போது நெருப்பு அதன் முதுகில் ஓடியது.

பூசை முடிந்து அத்தான் சுண்டலைக் கொண்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கப் போனார். நான் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே சாமி அறையில் எதுவோ கனமாக விழுந்த சத்தம். என்னக்கா என்று குரல் கொடுத்தேன். மறுபடியும் கூப்பிட்டேன். பிறகு, "தேங்கா உருண்டுருச்சு" என்றாள். போய்ப் பார்த்தேன். தாம்பாளம் அவள் மடியில் இருந்தது. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அக்காவின் முகம்தான் திருநீற்று நிறத்தில் இருந்தது. பசிக்குது, விரதம் என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து அக்கா புதிதாக ஒரு பழக்கம் தொடங்கினாள். பிஸ்டலை உறையிலிருந்து எடுத்துத் தாம்பாளத்தில் வைத்து, சந்தனம் உரைத்துப் பூசி, குங்குமம் வைத்து, ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, கற்பூரம் காட்டுவாள். ஒரு வெள்ளிகூடத் தவறியதில்லை. அத்தானுக்கு முதலில் ஆச்சரியம், பிறகு பெருமை. பயந்தவள் இப்போது பூசை செய்கிறாள் பார் என்று கடையில் சொன்னார். "மொதலாளி இடுப்புல இப்ப வேல்தான் இருக்கு. ஆறுபடை வீட்டுக்கு அடுத்த வீடு இதுதான்" என்றார் பத்தர் ஐயா. சனிக்கிழமைகளில் அத்தான் கவுண்டரைக் கடந்து போனால் சந்தன வாசம் வரும்.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. அந்தத் தாம்பாளத்தைத் தூக்கும் நேரம் அக்கா என்னை எதற்காவது வெளியே அனுப்பிவிடுவாள். தண்ணீர் கொண்டு வா, கொடியில் துணி இருக்கிறது, கேற்றைப் பார். எந்தக் கதிரையில் நான் இருந்தாலும், முதலில் நான் எங்கே இருக்கிறேன் என்று பார்த்துவிட்டுத்தான் தாம்பாளத்தில் கை வைப்பாள். ஒருநாள் பூசிக்கொண்டிருக்கும்போது, "பொட்டு வைக்கிற எடம் இப்ப கொஞ்சம் மேடா இருக்குடி" என்றாள். எட்டிப் பார்த்தேன். முதுகில் இருந்த அந்த மிளகு வட்டத்தைத்தான் அவள் நெற்றியாகப் பாவித்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். பார்த்தால் அங்கேதான் வைக்கத் தோன்றும். வட்டமாக, அளவாக, அதற்கென்றே செய்த இடம் மாதிரி. சந்தனத்தின் மேல் சந்தனம் காய்ந்து மேடாகியிருக்கும் என்று நினைத்தேன். நானா விசையை இழுத்து அந்த வட்டம் தலை தூக்கியதைக் கண்ணால் பார்த்தவள் நான். இருந்தும் நினைவு வரவில்லை. கடையில் பார்த்தது இரும்பு. வீட்டில் பார்த்தது சாமி.

மழைக்காலம். மலையிலிருந்து பனி இறங்கி, விளக்கு வைக்கும் நேரத்திலேயே முற்றம் மறைந்துபோகும். அன்றும் வெள்ளிக்கிழமை. குரங்குகள் கூரைத் தகரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா பூசையை முடித்திருந்தாள். நான் சாமி அறை வாசலில் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை. தாம்பாளத்தைத் தூக்கித் திரும்பினாள். கூரையில் ஒரு குரங்கு தொப்பென்று குதித்தது. அவள் தோள் துள்ளியது.

எண்ணெய் பட்ட பித்தளை. அது வழுக்கிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அவசரமே இல்லாமல், தானே முடிவு செய்து புறப்பட்ட மாதிரி விளிம்புக்கு வந்து, மூக்குக் குத்த சீமெந்துத் தரையில் விழுந்தது. இரும்பு தரையில் மோதிய சத்தம் ஒன்று. அதற்குள்ளேயே, மிகச் சின்னதாக, மணிக்கூடு ஒருமுறை துடித்த மாதிரி, இன்னொரு சத்தம்.

பிறகு எதுவும் இல்லை. மழைதான் பெய்தது.

அக்கா தாம்பாளத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். குங்குமம் கொட்டிச் சேலையெல்லாம் சிவப்பு. அவளைத் தொட்டுத் தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. குங்குமம்தான்.

"இது ரெண்டாவது தடவ" என்றாள்.

ஆயுத பூசை அன்று விழுந்தது தேங்காய் இல்லை. அன்றும் பட்டோடு வழுக்கி, அன்றும் மூக்குக் குத்தத்தான் விழுந்ததாம். வெடிக்கவில்லை என்று தெரிந்ததும் அந்த இடத்திலேயே சாமிக்கு நேர்ந்துகொண்டாளாம். என் உயிரை விட்டுவைத்ததற்கு, இருக்கிற வரைக்கும் வெள்ளிக்கு வெள்ளி உனக்குப் பூசை செய்கிறேன் என்று. சாமிக்கா, பிஸ்டலுக்கா என்று அப்போது அவளுக்கே தெரியவில்லை. அத்தானிடம் சொன்னால் கைநழுவ விட்டதற்குத் திட்டுவார் என்பதல்ல, சிரிப்பார் என்பதுதான் அவளுக்குப் பயம்.

அத்தான் வந்தார். சொன்னோம். சிரிக்கத்தான் செய்தார். "பாத்தியா, ரெண்டு தடவ விழுந்தும் வெடிக்கல. நான் என்ன சொன்னேன்?" குனிந்து அதை எடுத்து, வேட்டியால் துடைத்து, உறையில் செருகி, பழக்கத்தில் அக்கா பக்கம் நீட்டினார்.

அக்கா கையை நீட்டவில்லை. இத்தனை வருசத்தில் அப்படி நான் பார்த்ததில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அதக் கொண்டு போய்க் காட்டிட்டு வாங்க. இல்லன்னா இனி என் கையில குடுக்காதீங்க."

உரக்கப் பேசவில்லை. உரக்கப் பேசியிருந்தால் அத்தானும் பேசியிருப்பார். அன்று அலுமாரியில் அவரே வைத்துப் பூட்டினார்.

காலையில் நானாவின் கடைக்கு நானும் போனேன். அத்தான் பாதி விளையாட்டாகத்தான் சொன்னார், வீட்டில் பயப்படுகிறார்கள், ஒருமுறை பாருங்கள் என்று. நானா பிஸ்டலை வாங்கிச் சுவர்ப் பக்கம் திருப்பிப் பிடித்து, மேல்பகுதியை இழுத்தார். வாயில் இருந்த ரவை துள்ளி மேசைத் துணியில் விழுந்தது. அதை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பிடித்தார்.

"ஊசி வந்தீக்கி, மொதலாளி" என்றார்.

ரவையின் குண்டியில், நடு மையத்தில், கடுகு படுக்கிற அளவுக்கு ஒரு பள்ளம். வேறு ஒன்றும் இல்லை. அத்தான் அதை விரலால் தடவினார். எவ்வளவு அமுங்கினால் வெடிக்கும் என்று கேட்டார். நானா கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து, நடுவில் வெளிச்சம்கூடப் போகாத இடைவெளி காட்டினார்.

பிறகு பிஸ்டலின் முதுகைத் தடவியவர் நின்றார். மிளகு வட்டம் எழும்பி நின்றது. விரலால் அமுக்கினார், அமுங்கவில்லை. விசையில் யாரும் கை வைக்கவில்லை, இருந்தும் காவல்காரன் வழிவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டிருந்தான். கழற்றினார். சின்னக் கம்பி ஒன்றால் சுரண்டினார். மஞ்சளாகப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கடை முழுக்கச் சந்தன வாசம்.

"இதுக்கு யாரு சந்தனம் பூசினது?"

நான்தான் சொன்னேன், முதல் தடவை விழுந்ததையும் சேர்த்து. நானா கேட்டுக்கொண்டே சுரண்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரவையைக் கழற்றிவிட்டு அத்தான் விசையை இழுத்துப் பார்ப்பது உண்டு என்றும் சொன்னேன். அப்போதுதான் எழும்பியிருக்கும், காய்ந்த சந்தனம் திரும்ப இறங்க விடவில்லை என்றார் நானா.

"மொதத் தரம் விழுந்தப்ப இவன் மறிச்சீக்கிறான்" என்று தூணைத் தட்டிக் காட்டினார். "நன்றி சொல்லி அவன்ட கண்ணையே மூடிட்டீங்க. ரெண்டாம் தரம் மறிக்க ஆள் இல்ல. பாரமான ஊசி, பழைய வில்லு. ஆண்டவன்தான்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்று எத்தனையோ பேருக்கு எத்தனையோ தடவை சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கடையில் அது நாக்கில் வந்தபோது விழுங்கிக்கொண்டேன்.

லேசான ஊசி இன்னும் இருக்கிறதா என்று அத்தான் கேட்டார். இருந்தது. அதையும் புது வில்லையும் போடச் சொன்னார். வெடிக்காமல் போகலாம் என்று நானா ஞாபகப்படுத்தினார். போகட்டும் என்றார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. பள்ளம் விழுந்த ரவையை நானா தாளில் சுற்றித் தனியே எடுத்து வைத்தார், இனி இதைப் போடக் கூடாது என்று. வாயில் ரவை ஏற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிப் பார்த்தார். வேனில் ஏறியதும் அத்தான் ஒரு ரவையை ஏற்றினார். சத்தம் கேட்டது.

பாதி வழியில், சந்தன விசயத்தை அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்றார். ஆனால் வாசலில் நின்றவள் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம்தான் கேட்டாள். "நேத்துப் பூசினதனால தப்பிச்சமா?" என்று. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வட்டம், தூண், கடுகளவு பள்ளம். அக்கா கேட்டு முடித்துவிட்டு உள்ளே போய், சந்தனக் கல்லை எடுத்துக் கிணற்றடியில் வைத்துத் தேய்த்துக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

இப்போது வெள்ளிப் பூசை இல்லை. அலுமாரியில் வைப்பதும் எடுப்பதும் அத்தான்தான். வருசத்துக்கு ஒருமுறை நானா கடைக்கும் போய் வருகிறார். ஊசி லேசு, வில் புதிது, தூண் சுத்தம். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நானாவே சொல்கிறார். அக்காவும் கேட்டுத் தலையை ஆட்டுகிறாள்.

ஆனால் சாயந்தரம் அத்தான் வாசலில் வந்து நின்று பெல்ட்டில் கை வைக்கும்போது, அவள் அவருக்கு நேரே நிற்பதில்லை. சுவரோரம் ஒதுங்கி, பக்கவாட்டில் நின்றுகொண்டுதான் கால் கழுவத் தண்ணீர்ச் செம்பை நீட்டுகிறாள். அத்தானுக்கும் அது தெரியும். பார்க்காத மாதிரி வாங்கிக்கொள்கிறார். அவள் எங்கே நிற்கிறாள் என்று பார்த்துவிட்டு, நானும் அந்தப் பக்கம் போய் நிற்கிறேன்.